தங்கத்தில் வருகிற ‘க’

ஹியூபேட்டுக்கு எழுபத்துமூன்று வயதில் சிந்தனை வரவேண்டும் என்று வெள்ளவத்தையில் முடிவு செய்தார்கள். கொழும்பின் மறு கோடியில், கொட்டாஞ்சேனையில் இருக்கிற அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மூட்டுவலி வந்திருக்கிறது, அது போதும் என்று சொல்லியிருப்பார்.

முடிவு செய்தது ஆரணி என்கிற பெண். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு லேனில், நாலாம் மாடி ஃபிளாட்டின் படுக்கையறையை அடைத்து ஒலிப்பதிவு செய்கிறவள். பழைய பாடகர்களைத் தேடிப் பிடித்து, சாகும் முன் பதிந்து வைப்பது அவளுக்கு ஒரு சேவை. சாகும் முன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை.

“ரிஃப்ளெக்டிவ் ஆல்பம் ஒண்டு செய்வம் அங்கிள்” என்றாள், முதல் நாள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு.

ஹியூபேட் யோசித்தார். அவருக்குத் தெரிந்த ரிஃப்ளெக்டர் முச்சக்கர வண்டிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு வில்லை. அது இல்லாவிட்டால் பொலிஸ்காரன் பிடிப்பான்.

“இருட்டுல மினுங்குறதா மகள்?”

“இல்லை அங்கிள். மெதுவா, ஆறுதலா, வாழ்க்கையைத் திரும்பிப் பாக்கிற மாதிரி. உங்கட அனுபவம் எல்லாம் குரலில வரவேணும்.”

“சாகப் போறவன் மாதிரி.”

“ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லையே!”

“சொல்லல. ஆனா அதுதான்.”

ஐம்பது வருடமாகக் கன்ட்ரி பாடுகிறவர் அவர். கன்ட்ரி என்றால், அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவன் கித்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி ஓடிப்போன துக்கத்தைப் பாடுவது. ஹியூபேட் மாடு மேய்த்ததில்லை. அவர் பெண்டாட்டி பிறிஜெற்றும் எங்கும் ஓடிப்போகவில்லை. மார்க்கெட்டுக்குப் போனால்கூடப் பத்தரைக்குள் திரும்பி வந்து, ஏன் இன்னும் ஷேவ் எடுக்கவில்லை என்று கேட்பாள். இருந்தாலும் நீர்கொழும்பு, பெந்தோட்டை ஹோட்டல்களில் தொப்பி போட்டுக்கொண்டு அந்தத் துக்கத்தையெல்லாம் குறைவில்லாமல் பாடினார். சொந்த அலுவலுக்குக் களனிப் பாலத்தைத் தாண்ட அலுத்துக்கொள்கிற மனுசன், ஒரே பாட்டுக்குள் மூன்று அமெரிக்க ஆறுகளைத் தாண்டினார். குதிரையை அவர் கிட்டத்தில் கண்டது காலிமுகத்திடலில், ஒரே ஒரு தரம். அது அவரை மதிக்கவில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம். ஹியூபேட்டுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விட்டார். இருவருக்கும் வருத்தம் இல்லை. பாட்டுகளை ரெக்கோட் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிவைத்துப் பாடுவார். காது சுத்தமான காது. வெள்ளைக்காரன் எப்படி மூக்கால் இழுக்கிறானோ அப்படியே இழுப்பார். ஹோட்டலுக்கு வருகிற ஜெர்மன்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அவர்களுக்கும் இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது என்பதால் இரு பக்கமும் நிம்மதி.

ஆரணி பத்துப் பாட்டு என்றாள். ஹியூபேட் ஒரு நிபந்தனை போட்டார்.

“ஒம்பது நீ சொல்றத பாடுறேன். பத்தாவது நான் சொல்றது. அது இல்லாட்டி ஆல்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“என்ன பாட்டு அங்கிள்?”

“பிறிஜெற் பாட்டு.”

அந்தப் பாட்டை அவர் முதன்முதலில் பாடியது கல்யாணத்துக்கு முந்திய கிறிஸ்மஸ். கோயில் மண்டபத்தில், ஃபாதர் முன்வரிசையில் இருக்க, பிறிஜெற் மூன்றாம் வரிசையில் இருக்க. பாட்டு முடிந்ததும் பிறிஜெற் சிரித்தாள். அடுத்த மே மாதம் கல்யாணம். அதன் பிறகு நாற்பத்தொரு வருடமாக ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அதைப் பாடிவருகிறார். அவர் அவளுக்கு வேறொன்றும் கொடுத்தவரில்லை. ஒரு தையல் மெஷின் வாங்கினார். அதன் பெல்ட் இரண்டாம் வாரம் அறுந்தது. மற்றதெல்லாம் அவளே தேடிக்கொண்டது. ஆகவே தான் போன பிறகும் இந்த ஒன்றாவது அவளுக்குக் கேட்கக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். இதை அவர் ஆரணியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ரிஃப்ளெக்டிவ் என்பாள்.

வெள்ளவத்தையில் பதிவு ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் நடந்தது. கரையோர ரயில் போனால் மைக் அதிரும். இரண்டு ரயிலுக்கு நடுவில் ஒரு சோகம் பாடி முடிக்க வேண்டும். ஒன்பது பாட்டும் அப்படியே நாலு நாளில் முடிந்தன. ஆரணி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். “எவ்வளவு ஆழம்!” என்றாள். ஹியூபேட்டுக்கு அப்போது கால் மரத்துப் போயிருந்தது. குரலில் வந்த ஆழம் அதுதான்.

ஐந்தாம் நாள் பிறிஜெற் பாட்டு. ஒரே தரத்தில் பாடினார். ஆரணிகூடக் கண்ணை மூட மறந்துவிட்டாள். பிறகு காதில் மாட்டியிருந்த காதுப்பொறியைக் கழற்றிவிட்டு, நெற்றியைச் சுருக்கினாள்.

“அங்கிள், ஆல்பத்தில வரிகளையும் இங்கிலீஷில எழுதிப் போடவேணும். இதில ஒரு சொல்லு மட்டும் கேக்கிறன். முதல் வரி, நீங்கள் பாடுறது சீயா, ஜீயா?”

“என்னது?”

“கோல்ட் ஹார்ட் எண்டு வருதே. சீ எழுத்துக் கோல்டா, ஜீ எழுத்துக் கோல்டா?”

ஹியூபேட் கொப்பியைத் திறந்து நீட்டினார். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்திய பேனா மை, பழுப்பாய்ப் போயிருந்தது. யூ ஹேவ் எ கோல்ட் ஹார்ட், பிறிஜெற். தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

“இதுல என்ன கேள்வி? கோல்ட். தங்கம். செட்டியார் தெருவுல நகைக்கடைக்கு நகைக்கடை போர்டு போட்டிருக்கே, கோல்ட் ஹவுஸ்னு. உனக்குத் தங்க மனசு பிறிஜெற். அவ்வளவுதான்.”

“தங்கம் எண்டா, தங்கத்தில வருகிற க-னா வரவேணும் அங்கிள். நீங்கள் கடையில வருகிற க-னா பாடுறீங்கள். இந்தாங்கோ, கேளுங்கோ.”

போட்டுக் காட்டினாள். ஹியூபேட் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மெஷினைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“இந்தச் சாமான் பொய் சொல்லுது.”

“சரி, தங்கம் எண்டே வைப்பம். அடுத்த வரியில விண்டர் இன் யோர் ஐஸ் எண்டு வருதே? உன்ர கண்ணில மாரிகாலம், பனி.”

“அது விண்டோ. கண்ணுல ஜன்னல். ஜன்னல் மாதிரி கண்ணு. பெரிய கண்ணு அவளுக்கு.”

ஆரணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அதுக்குப் பிறகு? நான் தட்டினன், தட்டினன், நீ கதவைத் திறக்கவே இல்லை எண்டு வருதே?”

“பின்ன? ராத்திரியில ஒருத்தன் வந்து தட்டினா நல்ல வீட்டுப் புள்ள திறக்குமா? வளர்ப்பப் பத்திச் சொல்லுது.”

“அங்கிள்...” ஆரணி மெதுவாகச் சொன்னாள். “சீ எழுத்துக் கோல்ட் எண்டா குளிர். கோல்ட் ஹார்ட் எண்டா குளிர்ந்த மனசு.”

ஹியூபேட்டின் முகம் தெளிந்தது. “அப்ப நல்லதுதானே! மனசு குளிர்ந்துச்சுன்னு நம்ம ஆக்கள் சந்தோசத்துக்குத்தானே சொல்றது? இந்தக் கொழும்பு வெக்கையில மனசாவது குளிரட்டும்.”

“தமிழில நல்லதுதான். இங்கிலீஷில அது கல்நெஞ்சு. ஈவிரக்கம் இல்லாதவள் எண்டு அர்த்தம்.”

ஒரு ரயில் போயிற்று. நீளமான ரயில்.

வெள்ளைக்காரர்களுடைய ஊர் குளிரான ஊராம், அங்கே குளிர்ந்தால் கெட்டதாம், நம்முடைய ஊரில் குளிர்ந்தால் நல்லதாம். ஒரு மனுசன் இந்த விசாரணையெல்லாம் முடித்துவிட்டுத்தான் காதலிக்க வேண்டும் என்றால் எவன் காதலிப்பான் என்று ஹியூபேட் நினைத்தார். நினைத்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பாட்டை அவர் எழுதவில்லை. எழுதியது பற்றிக்.

பற்றிக் அந்தக் காலத்தில் அவர்களுடைய பாண்ட் கோஷ்டியில் லீட் கித்தார். இங்கிலீஷ் படித்தவன். நீர்கொழும்பு பஸ்ஸில் வைத்து, பிறிஜெற்றைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல ஹியூபேட் எழுதிக்கொண்டார். மை லேடி என்று இருந்த இடத்தில் பிறிஜெற் என்று போட்டது மட்டும் ஹியூபேட்டின் சொந்தக் கற்பனை. பற்றிக் இப்போது மெல்பேர்னில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறான்.

ஆரணியின் போனிலேயே கூப்பிட்டார்கள்.

“அடோ ஹியூபேட்! இன்னும் இருக்கியா மேன்?”

“இருக்கேன். நீ எழுதினியே பிறிஜெற் பாட்டு, அதுல கோல்டுன்னா என்ன?”

“என்னன்னா? குளிருதான். கல்நெஞ்சுக்காரி. மூணு மாசம் அவ வீட்டு வாசல்ல நின்னேன் மச்சான். காயிதத்தைப் பிரிக்காமத் திருப்பி அனுப்பிட்டா. வயிறு எரிஞ்சு எழுதினேன்.”

“எனக்கு நீ சொல்லலியே!”

“நீ கேக்கலியே! நானும் பாரேன், என் வயித்தெரிச்சலை நீ அவ பேரைச் சேர்த்து, அவ முன்னாலயே பாடுறே, என்னையே பக்கத்துல நிப்பாட்டிக் கித்தார் அடிக்க வைக்கிறே. எவ்வளவு பெரிய நக்கல்காரன்டா இவன்னு நினைச்சேன். அதுக்குப் பெறகு நான் அங்க இருக்கிறதா?” சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டது. “ஏன் மேன், நீ தங்கம்னு நினைச்சா பாடினே?”

ஹியூபேட் போனை ஆரணியிடம் கொடுத்துவிட்டார்.

ஆக, நாற்பத்தொரு வருடம், சபை கூட்டி, ஃபாதரை முன்னால் வைத்து, கேக் வெட்டுகிற நேரத்தில், ஏ கல்நெஞ்சுக்காரி என்று பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடியிருக்கிறார். கேட்டவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. பாட்டு முழுக்க அதற்கே பொருந்தி வந்தது. பாடினவரைத் தவிர எல்லோருக்கும் பாட்டு விளங்கியிருக்கிறது. பிறிஜெற் கன்னியாஸ்திரிமாரிடம் பதினொரு வருடம் இங்கிலீஷ் படித்தவள்.

“திங்கக்கிழமை வாறேன்” என்றார் ஆரணியிடம். “ஜீ போட்டுப் பாடுறேன். இதை அழிச்சிடு.”

“அழிக்காம வச்சிருக்கிறன் அங்கிள்.”

“அழி.”

“ஓம் அங்கிள்” என்றாள். அழிக்கவில்லை. வெள்ளவத்தையில் ஓம் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. தங்கம், தங்கம், தங்கம் என்று மூன்று தரம் சொல்லி, தங்கத்தில் வருகிற க-னாவை நாக்கில் பிடித்துவைத்துக்கொண்டு, அதே சூட்டில் கோல்ட் என்பார். குளியலறையில் சொன்னார். மாடிப்படியில் சொன்னார். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண், இங்கே தங்க வியாபாரம் தொடங்கியாயிற்று என்று நினைத்து, அறுபதாயிரம் ரூபாய்க்குத் தன் மோதிரத்தை எடுப்பீர்களா என்று பிறிஜெற்றிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பிறிஜெற் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“இந்த மனுசனுக்கு என்ன? மூணு நாளாத் தங்கம் தங்கம்னு. எவளாவது கிடைச்சிருக்காளா?”

ஹியூபேட் சோற்றைப் பிசைந்தார். உண்மையைச் சொல்லுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சொன்ன இடத்திலெல்லாம் சேதம்தான் வந்திருக்கிறது. ஆனால் வேறு பொய் கைவசம் இல்லை. சொன்னார். சீ, ஜீ, விண்டர், விண்டோ, மெல்பேர்ன், எல்லாம் சொன்னார். “தங்க மனசுன்னுதான் பாடினேன், பிறிஜெற். சத்தியமா. குளிருன்னு எனக்குத் தெரியாது” என்று முடித்தார்.

பிறிஜெற் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாதா?”

“தெரியாது.”

“கதவைத் தட்டினதும் தெரியாதா?”

“அது உன் வளர்ப்பைப் பத்தின்னு...”

“அட என் தேவனே!” பிறிஜெற் எழுந்து தண்ணீர்க் கோப்பையை எடுத்துத் தானே குடித்தாள். “பற்றிக் வாசல்ல நின்ன கதையை ஒருத்தன் பாட்டாக்கி, அந்தப் பற்றிக்கையே கித்தார் அடிக்க வச்சு, ஃபாதர் முன்னால பாடுறானே, இப்படி ஒரு குறும்புக்காரன் கொட்டாஞ்சேனையில இருக்கானான்னு சிரிச்சேன். எனக்கு வந்த காயிதம் எல்லாத்துலயும் தங்கம், முத்து, ரோசாப்பூ. ஒருத்தன்தான் முகத்துக்கு நேரா, நீ கல்நெஞ்சுக்காரின்னு சொன்னான். அம்மாகிட்டப் போய், இவனைத்தான் கட்டுவேன்னு நின்னேன்.”

ஹியூபேட் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப நான் சொல்லாத ஒண்ணுக்கா நீ என்னைக் கட்டினே?”

“பின்ன? நீங்க சொன்னதுக்கெல்லாம் எவ கட்டுவா?”

“நாப்பத்தொரு வருசமா, நான் உன்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைக்கிறேன்னு நினைச்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்டே?”

“சோறு சூடாத்தானே போட்டேன்?”

இருந்தாலும் ஹியூபேட் விடவில்லை.

“நாளைக்குப் போய்த் தங்கம்னு மாத்திப் பாடுறேன். ஜீ போட்டு. பழகிட்டேன்.”

பிறிஜெற்றின் முகம் மாறியது. நக்கல் போய்விட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாத்துவீங்களா? அது யாரு, தங்க மனசுக்காரி? எனக்கு அவளைத் தெரியாது. வருசா வருசம் எனக்குன்னு ஒரு பாட்டு இருந்துச்சு. நான் யாருன்னு பார்த்து ஒருத்தன் பாடினதுன்னு வச்சிருந்தேன். அவன் பார்க்கலன்னு இன்னைக்குச் சொல்றீங்க. சரி, அது போகட்டும். பாட்டையும் எடுத்துட்டுப் போகணுமா?”

அவள் உள்ளே போய்விட்டாள். தன்னுடைய கோப்பையை மட்டும் கழுவுகிற சத்தம் கேட்டது. ஹியூபேட் வெகுநேரம் அங்கேயே இருந்தார். ஆல்பத்துக்காக வரவேண்டும் என்று அவர்கள் காத்திருந்த சிந்தனை, ஒன்பது பாட்டும் முடிந்த பிறகு, எச்சில் கையோடு உட்கார்ந்திருக்கும்போது வந்தது. அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

திங்கட்கிழமை பிறிஜெற்றும் கூட வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பதிவறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். நம்பிக்கை இல்லாததால்தான் வந்தாள். அது அந்த வீட்டில் இருவருக்கும் பொதுவான சொத்து.

“சீ போட்டே பாடுறேன்” என்றார் ஹியூபேட், ஆரணியிடம். “இந்தத் தரம் அர்த்தம் தெரிஞ்சு.”

“அழிச்சிடச் சொன்னீங்களே. அது இன்னும்...”

“அது தெரியாமப் பாடினது. வேணாம். ஒரு தரமாவது தெரிஞ்சு பாடணும்.”

பாடினார். முதல் வரியிலேயே ஆரணி கையைத் தூக்கினாள்.

“அங்கிள், ஜீ.”

“இல்லையே, சீ.”

“ஜீ கேக்குது. சுத்தமான தங்கம்.”

மறுபடி பாடினார். தங்கம். மூன்றாம் தரமும் தங்கம். மூன்று நாள் குளியலறையிலும் மாடிப்படியிலும் ஊறவைத்த நாக்கு வேறெதையும் விட மறுத்தது. நாற்பத்தொரு வருடம் தங்கம் என்று நினைத்துக் குளிர் என்று பாடிய வாய், குளிர் என்று நினைத்த அன்றைக்குத் தங்கம் தங்கமாய்க் கொட்டியது. ஆறாம் தரம் சீ வந்தது; ஆனால் அந்த ஒரு எழுத்துக்குக் காவல் நின்றதில் மீதிப் பாட்டுக்கு உயிர் போய்விட்டது. ஜன்னல் என்று அவர் நினைத்திருந்த இடத்தில் இப்போது பனிதான் இருந்தது. அங்கே போனதும் குரல் தயங்கியது. கதவைத் தட்டுகிற இடத்தில் பற்றிக்கின் இருமல் ஞாபகம் வந்தது. ஏழாம் தரம் நடுவில் நிறுத்தி, கித்தாரைக் காலோடு சாய்த்து வைத்தார். காதுப்பொறியைக் கழற்றவில்லை. பிறிஜெற் பக்கம் பார்க்கவும் இல்லை.

“வரல” என்றார்.

பிறிஜெற் ஆரணி பக்கம் திரும்பினாள்.

“மகள்” என்றாள் பிறிஜெற். “இவர் அழிக்கச் சொன்னது இருக்கா?”

“இருக்கு அன்ரி.”

“அதைப் போடு.”

ஆரணி போட்டாள். நினைப்பு ஒன்றும் சொல் ஒன்றுமாக இருந்த ஐந்தாம் நாள் பாட்டு சின்ன அறையை நிறைத்தது. தங்கத்தைச் சொல்லுகிறவனின் குழைவோடு, ஒரு எழுத்தும் பிசகாமல், அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று அது கூப்பிட்டது. பிறிஜெற் தலையாட்டவில்லை, கண்ணை மூடவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்தவள் எப்படிக் கேட்டிருப்பாளோ அப்படி, கன்னத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஹியூபேட்டைப் பார்த்தாள்.

“அப்ப தங்கம்னு நினைச்சா இப்படிப் பாடினீங்க?”

“ஆமா.”

“நினைச்சது அப்படியே இருக்கட்டும். பாடினதும் இப்படியே இருக்கட்டும்.”

ஆரணி தொண்டையைச் செருமினாள். “எழுத்தில என்ன போட அன்ரி?”

“சீ போடு.”

“எழுதினது ஆரெண்டு? பற்றிக் அங்கிள்ட பேரையும் போடவேணும்.”

“போடத்தான் வேணும்” என்றார் ஹியூபேட். “வயித்தெரிச்சல் அவனுது.”

“பிறிஜெற்னு எம் பேரை உள்ள போட்டது நீங்கதானே? அந்த அளவுக்கு உங்க பேரையும் போடச் சொல்லுங்க” என்றாள் பிறிஜெற். கைப்பையைத் திறந்து, கண்ணாடி போட்டு, போனை எடுத்து ஆரணியிடம் நீட்டினாள். “அந்த ஒண்ணை மட்டும் இதுல ஏத்தித் தா மகள். மத்த ஒம்பதும் ஊருக்கு.”